நார்த் யார்க்‌ஷயர் மூர்ஸ் நீராவி ரயில்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவை ஊடறுத்துப் போகிறது இந்தப் பாதை. தெற்கே பிக்கரிங்கில் தொடங்கி லெவிஷம், நியூட்டன் டேல், கோத்லாண்ட் வழியாக குரோமாண்ட் வரை 18 மைல். அதற்கு மேல் 6 மைல் பொது ரயில்பாதையில் ஓடி, கடற்கரை ஊரான விட்பியைச் சில வண்டிகள் தொடும். 1836-ல் ஜார்ஜ் ஸ்டீபன்சன் குதிரை இழுக்கும் வண்டிகளுக்காகப் போட்ட பாதை இது. 1965-ல் மூடினார்கள். ரயில் ஆர்வலர்கள் சேர்ந்து மீட்டெடுத்து 1973-ல் மறுபடி திறந்தார்கள். இன்றும் பெரும்பாலான வேலைகளைத் தன்னார்வலர்களே பார்க்கிறார்கள்.

முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் பிக்கரிங்கில் ஏறி, விட்பியில் இறங்கி, கூட்டத்தில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு அதே வண்டியில் திரும்புகிறார்கள். அது மோசமான நாள் இல்லைதான். ஆனால் இந்த ரயிலின் சிறந்த பகுதியை அவர்கள் பாதித் தூக்கத்தில் கடந்துவிடுகிறார்கள். கீழே சொல்லியிருப்பது வேறு ஒரு திட்டம்: வடக்கு நோக்கிப் போகும்போது கோத்லாண்டில் இறங்குங்கள், அங்கிருந்து குரோமாண்டுக்கு நடந்து இறங்குங்கள், திரும்பும்போது இன்ஜின் மேடேறும் பகுதியை முன் பெட்டியில் உட்கார்ந்து கேளுங்கள்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

முழுச் சேவை வசந்தத்தில் தொடங்கி அக்டோபர் கடைசி வரை. குளிர்காலத்தில் கிறிஸ்துமஸையொட்டிச் சிறப்பு வண்டிகள் மட்டும். சீசனிலும் வண்டி ஓடாத நாட்கள் உண்டு. நாளுக்கு நாள் அட்டவணையும் மாறும். ஆகவே விடுதி பதிவு செய்வதற்கு முன்னால் ரயில்வேயின் நாட்காட்டியைப் பாருங்கள், பிறகு அல்ல.

ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை மேட்டு நிலம் முழுக்க ஹீதர் புதர் பூத்து ஊதா நிறமாகக் கிடக்கும். கண்ணுக்கு அதுதான் உச்சம், கூட்டத்துக்கும் அதுதான். காதுக்கு விருந்து வேண்டுமென்றால் அக்டோபர். குளிர்ந்த காற்றில் நீராவி வெள்ளையாகத் திரண்டு நிற்கும், இன்ஜின் சத்தமும் பள்ளத்தாக்கில் நன்றாக எதிரொலிக்கும்.

கோடையில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மழையில்லாமல் பல நாள் காய்ந்தால், புகைபோக்கியிலிருந்து பறக்கும் கங்கு பாதையோரப் புல்லையும் ஹீதரையும் பற்றவைத்துவிடும். மக்கிய தாவரங்கள் படிந்து உருவான கரிநிலத்தில் பிடித்த தீ மண்ணுக்கு அடியிலும் புகையும், அணைப்பது பெரும்பாடு. அதனால் அந்த நாட்களில் நீராவி இன்ஜினை நிறுத்திவிட்டு டீசலைப் பூட்டுவார்கள். எந்த வண்டிக்கு எந்த இன்ஜின் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. நீராவிக்காகவே போகிறீர்கள் என்றால் கடும் வறட்சி வாரத்தைத் தவிருங்கள்.

குறிப்பிட்ட ஓர் இன்ஜினைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். 1918-ல் டார்லிங்டனில் கட்டிய கரிவண்டி இன்ஜின் 63395, 1937-ல் கட்டிய 45428 எல்லாம் இந்தப் பாதையில் ஓடிப் புகழ்பெற்றவை. ஆனால் கொதிகலனைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். அந்த முறை வந்துவிட்டால் இன்ஜின் ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடக்கும்.

படி 2: பிக்கரிங் போய்ச் சேருங்கள்

பிக்கரிங்குக்குப் பொது ரயில் கிடையாது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் வரை ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். யார்க்கிலிருந்து கோஸ்ட்லைனர் 840 பஸ். மால்டன், பிக்கரிங், கோத்லாண்ட் வழியாக விட்பி வரை போகிற பஸ் இது. ஆனால் எல்லா 840-ம் முழுத் தூரம் போகாது, பலகையைப் பார்த்து ஏறுங்கள். லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முயல வேண்டாம்; முதல் நாள் இரவு யார்க்கிலோ பிக்கரிங்கிலோ தங்குங்கள்.

காரில் வருகிறவர்கள் பிக்கரிங்கில் நிறுத்துங்கள். கோடையில் விட்பியில் பார்க்கிங் தேடுவது அரை நாள் வேலை.

வடக்கிலிருந்து வந்தால் மிடில்ஸ்பரோவில் எஸ்க் பள்ளத்தாக்கு ரயிலில் ஏறி நேராகக் குரோமாண்டில் இறங்கலாம். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். அந்த டிக்கெட் நீராவி ரயிலில் செல்லாது.

படி 3: டிக்கெட்

இடையில் இறங்கி அடுத்த வண்டியில் ஏற அனுமதிக்கிற டிக்கெட்டா என்று பார்த்து வாங்குங்கள். இந்தத் திட்டமே அதை நம்பித்தான் இருக்கிறது. பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் விட்பி வரை போகும் வண்டிகள் முதலில் நிரம்பும். சக்கர நாற்காலி வருகிறதென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்; எல்லாப் பெட்டியிலும் அதற்கு வசதி இல்லை.

அட்டவணையைப் போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். லெவிஷம் தாண்டினால் பள்ளத்தாக்கில் சிக்னல் பல இடங்களில் செத்துவிடும்.

படி 4: என்ன எடுத்துப் போவது

காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், ஈரம் தாங்கும் காலணி, தண்ணீர். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கரித்துகள் வந்து அப்பும். கண்ணாடி அணிந்தால் கண்ணுக்கு நல்லது. துகள் கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் தண்ணீரில் கழுவுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதே உத்தமம். பெட்டிகளில் நான்கு பேருக்கு ஒரு மேசை இருப்பதால் புளியோதரையும் தயிர்சாதமும் வசதியாகச் சாப்பிடலாம். சைவம் சாப்பிடுகிறவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யார்க்‌ஷயரில் பல மீன்-சிப்ஸ் கடைகளில் வறுப்பது மாட்டுக்கொழுப்பில். மீனுக்கு மட்டுமல்ல, உருளைக்கிழங்குக்கும் அதே சட்டிதான். 'வெறும் சிப்ஸ்தானே' என்று வாங்கிவிடாமல், தாவர எண்ணெயா என்று முதலில் கேளுங்கள்.

படி 5: பிக்கரிங்கில் ஏறுதல், கதவைக் கையாளுதல்

புறப்பட அரை மணி முன்னால் போய்விடுங்கள். 1845-ல் கட்டிய நிலையம். இடையில் பிரித்துவிட்ட மேற்கூரையை 2011-ல் பழைய வடிவத்திலேயே திரும்ப அமைத்தார்கள்.

வடக்கு நோக்கிப் போகும்போது வலது பக்கம் உட்காருங்கள். கிளம்பியதுமே பிக்கரிங் கோட்டை அந்தப் பக்கம்தான். லெவிஷத்துக்கு அப்பால் மேட்டு விளிம்பில் தனியாக நிற்கும் ஸ்கெல்டன் கோபுர இடிபாடும் அந்தப் பக்கம்தான்.

இந்தப் பெட்டிகளில் பல 1950-களின் வகை. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருக்காது. வண்டி நின்றபின் ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கும். பிளாட்பாரத்தில் நிற்கிறவர் மேல் இடிக்காமல் பார்த்துத் தள்ளுங்கள். இறங்கியதும் பலமாக அறைந்து சாத்தினால்தான் பூட்டு விழும். கைப்பிடி கிடைமட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் பூட்டவில்லை, வண்டி கிளம்பாது. புரியாவிட்டால் கார்டையோ பிளாட்பார ஊழியரையோ கூப்பிடுங்கள். ஓடும் வண்டியில் தலையை வெளியே நீட்டாதீர்கள். பாலமும் மரக்கிளையும் நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்தில் வரும்.

படி 6: கோத்லாண்ட் வரை

முதல் நிலையம் லெவிஷம். பெயரை நம்பி ஊர் பார்க்க இறங்கினால் ஊர் ஒன்றரை மைல் தள்ளி, செங்குத்தான மேட்டின் மேல் இருக்கும். அடுத்து நியூட்டன் டேல் நிறுத்தம். அதற்குச் சாலையே கிடையாது, காட்டில் நடக்கிறவர்களுக்கானது. எல்லா வண்டியும் நிற்காது. இறங்க வேண்டுமானால் கார்டிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இது ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்கு ஒதுங்க லெவிஷத்திலும் கோத்லாண்டிலும்தான் இடம். பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டோக்கன் உண்டு, ஒரு நேரத்தில் ஒரே வண்டிக்குத்தான் கிடைக்கும் அனுமதி அது; அது டிரைவர் கையில் வராமல் வண்டி நகராது. நடுவழியில் காரணமில்லாமல் நிற்பதுபோல் தோன்றினால் பெரும்பாலும் எதிர்வண்டிக்காகத்தான். ஒரு வண்டி பத்து நிமிடம் பிந்தினால் அடுத்ததும் பிந்தும். பஸ் பிடிக்க வேண்டியவர்கள் அரை மணி இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் வருவது ஃபென் பாக் என்ற சதுப்பு. அடியில் கெட்டித்தரை எட்டாமல், மரங்களையும் ஹீதர் அடைத்த ஆட்டுத்தோல்களையும் கீழே அமிழ்த்தி, அவற்றின் மேல்தான் ஸ்டீபன்சன் பாதையை மிதக்கவிட்டார். உங்கள் வண்டி இன்றும் அந்தச் சதுப்பின் மேல்தான் போகிறது.

படி 7: கோத்லாண்டில் இறங்கி நடங்கள்

சினிமாவிலும் டிவி தொடரிலும் வந்த நிலையம் என்பதால் பிளாட்பாரத்தில் படமெடுக்க வரிசை நிற்கும். வண்டி கிளம்பிப் பத்து நிமிடம் ஆனால் எல்லாம் காலி. அப்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து மேடேறி ஊருக்குள் போனால் 'ரயில் டிரெயில்' என்ற வழிகாட்டிப் பலகை இருக்கும். குரோமாண்டுக்கு மூன்றரை மைல், சாவகாசமாக நடந்தால் இரண்டு மணி நேரம். ஆரம்பத்தில் நேர்கோடாகக் கீழே இறங்குகிற சரிவுதான் 1836-ன் அசல் பாதை. சுமார் 15 அடிக்கு 1 அடி சரிவு. குதிரையால் ஆகாது என்று பெட்டிகளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். 1864-ல் கயிறு அறுந்து இருவர் இறந்தார்கள். மறு ஆண்டே சுற்றி வளைத்துப் புதுப்பாதை திறந்தார்கள். இன்றைய ரயில் போவது அதில்தான்.

மழைக்குப் பிறகு இந்தச் சரிவு வழுக்கும், குச்சி இருந்தால் நல்லது. கீழே பெக் ஹோல் என்ற குக்கிராமம். அதற்கப்பால் ஆற்றோரமாகக் கிட்டத்தட்ட சமதளம். முழங்கால் வலிக்காரர்கள் சரிவைத் தவிர்க்க நினைத்தால் ரயிலிலேயே குரோமாண்ட் போய், அங்கிருந்து பெக் ஹோல் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்து திரும்பலாம்.

குரோமாண்டை நெருங்கும்போது வலது இடது பாராமல் போய்விடாதீர்கள், இன்ஜின் கொட்டகை அங்கேதான். நிலையத்துக்கும் கொட்டகைக்கும் நடுவில் இரண்டு சுரங்கப்பாதைகள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. பெரியதில் ரயில் போகிறது. சின்னது குதிரை வண்டிக் காலத்தில் குடைந்தது. நீராவி இன்ஜினுக்கு அது போதாததால்தான் பக்கத்திலேயே பெரியதைக் குடைந்தார்கள். சின்னதில் இப்போது மக்கள் நடக்கலாம்.

படி 8: திரும்பும்போது முன் பெட்டி

குரோமாண்டில் தெற்கு நோக்கிப் போகும் வண்டிக்கு இருபது நிமிடம் முன்னால் வந்து, இன்ஜினை ஒட்டிய பெட்டியில் இடம் பிடியுங்கள். கிளம்பியதும் சுரங்கம். அதற்குள் ஜன்னலை ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி முழுக்கப் புகை. வெளியே வந்ததும் இறக்குங்கள்.

இங்கிருந்து கோத்லாண்ட் வரை சுமார் மூன்று மைலுக்கு 49 அடிக்கு 1 அடி ஏற்றம். காருக்கு இது ஒன்றுமில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏழெட்டுப் பெட்டியை இழுப்பதற்கு இது பெரிய சோதனை. இரண்டு சிலிண்டர் இன்ஜின் என்றால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நான்கு முறை புகைபோக்கி அதிரும். எண்ணிப் பாருங்கள், நான்கும் சம இடைவெளியில், சம பலத்தில் வர வேண்டும். ஒன்று மட்டும் மெலிந்து கேட்டால், சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வு சீர் தவறியிருக்கிறது. புகை கறுத்தால் ஃபயர்மேன் அப்போதுதான் கரி போட்டிருக்கிறார்.

தண்டவாளம் ஈரமாக இருந்தாலோ, இலையுதிர்காலத்தில் இலை நசுங்கி எண்ணெய்ப் படலம்போல் ஒட்டியிருந்தாலோ, சக்கரம் பிடிப்பு இழந்து சுழலும். சீரான சத்தம் திடீரெனப் படபடவென்று பொரியும், பெட்டி லேசாக உதறும். பயப்பட வேண்டாம். டிரைவர் நீராவியைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மூடி, சக்கரத்துக்கு முன்னால் மணல் விட்டு, மெல்லத் திறப்பார். ஓரிரு நொடியில் பழைய தாளம் திரும்பிவிடும்.

விட்பியும் பார்க்க வேண்டுமா?

அப்படியானால் நடையை விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் அவசரமாகிவிடும். பிக்கரிங்கிலிருந்து விட்பிக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம். மேலே மடாலய இடிபாட்டுக்கு 199 படிகள் ஏற வேண்டும். துறைமுகத்தில் சாப்பாட்டைத் திறந்து கையில் வைத்திருந்தால் கடற்புறா கொத்திக்கொண்டு போய்விடும். சுவரை முதுகுக்கு வைத்து உட்காருங்கள்.

கடைசி வண்டி போய்விட்டால்

கோத்லாண்டிலோ விட்பியிலோ மாட்டிக்கொண்டால் 840 பஸ்தான் பிக்கரிங்குக்கு வழி. அதுவும் மாலையில் சீக்கிரமே முடிந்துவிடும், கடைசி பஸ் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். குரோமாண்டுக்கு இந்த பஸ் வராது. அங்கே கடைசி நீராவி வண்டியைத் தவறவிட்டவர்கள் பொது ரயிலில் விட்பி போய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும். ஆகவே நடந்து வருகிறவர்கள் கடைசி வண்டியைக் குறிவைக்காமல், அதற்கு முந்தைய வண்டியைக் குறிவைத்து கோத்லாண்டிலிருந்து கிளம்புங்கள்.