ஸ்க்ராட்ச் ஜூனியரில் முதல் விளையாட்டு: பூனை தெருவைக் கடக்கட்டும்

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் கோடிங் சொல்லிக்கொடுக்கலாம். ஸ்க்ராட்ச் ஜூனியர் ஆப்பில் கட்டளைகள் எல்லாம் படங்கள்தான்; ஒவ்வொரு கட்டளைப் படத்துக்கும் பிளாக் என்று பெயர். வலப்பக்க அம்பு என்றால் வலப்பக்கம் நட, அவ்வளவுதான். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம், எம்.ஐ.டி. மீடியா லேப் உள்ளிட்டோர் 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காக 2014-ல் வெளியிட்ட ஆப் இது. காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், இறக்கியபின் நெட்டும் வேண்டாம். ஐபேடோ 7 அங்குலத்துக்குக் குறையாத ஆண்ட்ராய்டு டேப்லெட்டோ இருந்தால் போதும். போன் திரையில் குட்டி விரலுக்கே பிளாக் சிக்காது.

ஆரம்பத்திலேயே ஒரு பேச்சு: டேப்லெட் பிள்ளையின் கையில்தான் இருக்கவேண்டும். நம் வேலை, விளையாட்டை ஓடவைக்கும் பச்சைக்கொடியை அழுத்தும் முன் "இப்ப என்ன நடக்கும், சொல்லு?" என்று கேட்பது மட்டும்.

மேடையைத் தயார்செய்தல்

கூட்டல் குறியைத் தொட்டுப் புது புராஜெக்ட் திறந்தால் நடுவில் பூனை நிற்கும். மேலே உள்ள கட்டம் பொத்தானை அழுத்துங்கள். குறுக்கே 20, நெடுக்கே 15 கட்டங்கள், எண்களோடு தெரியும். பூனையை விரலால் இழுத்து 10-ஆவது நெடுவரிசை, 3-ஆவது கிடைவரிசையில் வையுங்கள். பின்னணிப் படம் இப்போது வேண்டாம். அதைத் தேர்ந்தெடுப்பதிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும்.

இடப்பக்கக் கூட்டல் குறியில் ஒரு காரைச் சேர்த்து 2-ஆவது நெடுவரிசை, 8-ஆவது கிடைவரிசையில் நிறுத்துங்கள்.

காரை ஓட்டுதல்

காரைத் தொட்டுவிட்டு, மஞ்சள் நிறப் பிரிவில் உள்ள பச்சைக்கொடி பிளாக்கைக் கீழே இழுத்துப் போடுங்கள். அதோடு நீல வலது அம்பை ஒட்டி, எண்ணைத் தொட்டு 20 ஆக்குங்கள். கடைசியில் சிவப்பில் உள்ள 'ஓயாமல் திரும்பச் செய்' பிளாக். கார் வலது ஓரத்தில் மறைந்து இடது ஓரத்தில் எட்டிப் பார்க்கும். வேகம் அதிகமானால் ஆரஞ்சு நிற வேக பிளாக்கைக் கொடிக்கு அடுத்துச் செருகி, மெதுவானதைத் தேர்ந்தெடுங்கள்.

பூனை ஓட ஆரம்பித்து கார் நின்ற இடத்திலேயே நிற்கிறதா? பிளாக்குகள் பூனையின் கணக்கில் விழுந்துவிட்டன. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிப் பலகை உண்டு. பிளாக்கை இழுக்கும் முன் இடப்பக்கப் பட்டியலில் யார் தேர்வாகியிருக்கிறார் என்று பார்க்கும் பழக்கம் வரவேண்டும். முதல் வாரத் தகராறில் பாதி இதனால்தான். தவறிய பிளாக்கை மேலே இழுத்து விட்டால் போய்விடும்.

பூனையை நகர்த்துதல்

பூனைக்கு: 'தொட்டால் தொடங்கு' மஞ்சள் பிளாக், மேல்நோக்கிய அம்பு, எண் 2. ஒரு தொடுக்கு இரண்டு கட்டம். 3-லிருந்து 13-க்குப் போக எத்தனை தொடு? பிள்ளையே விரல்விட்டு எண்ணட்டும்.

மோதல்: இங்கேதான் சுவாரசியம்

13-ஆவது வரிசையில், பூனைக்கு நேர் மேலே ஒரு மரத்தை வையுங்கள். அதுதான் போய்ச்சேர வேண்டிய இடம். இனி, கார் இடித்தால் பூனை தொடங்கிய இடத்துக்குத் திரும்பவேண்டும்.

யாருக்கும் முதலில் தோன்றுவது, பூனைக்கே 'மோதினால் தொடங்கு' பிளாக்கும் நீலத்தின் கடைசியில் உள்ள 'புறப்பட்ட இடத்துக்குப் போ' பிளாக்கும் கொடுப்பதுதான். கொடுக்கட்டும், தடுக்காதீர்கள். கார் இடித்தால் சரியாகத் திரும்பும். ஆனால் மரத்தைத் தொட்டாலும் திரும்பிவிடும்! யார் மோதியது என்று அந்த பிளாக்குக்குத் தெரியாது. "ஏன் இப்படி?" என்று பிள்ளை முழிக்கும் அந்த ஒரு நிமிடம்தான் இந்தப் பாடமே.

தீர்வு, தபால். மஞ்சளில் உறைப் படம் போட்ட இரண்டு பிளாக்குகள் உண்டு: ஒன்று அனுப்ப, மற்றது பெற. பூனையின் மோதல் பிளாக்கை எடுத்துவிட்டு இப்படிப் பிரித்துக் கொடுங்கள்:

- கார்: மோதினால் தொடங்கு → ஆரஞ்சு உறை அனுப்பு
- பூனை: ஆரஞ்சு உறை வந்தால் தொடங்கு → ஒலி → புறப்பட்ட இடத்துக்குப் போ
- மரம்: மோதினால் தொடங்கு → வேறோர் ஒலி

அனுப்பும் உறையும் பெறும் உறையும் ஒரே நிறமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது, பிழை என்றும் காட்டாது.

ஒலிக்கு, பச்சைப் பகுதியில் மைக் படத்தைத் தொட்டு பூனைக்கு "ஐயையோ!", மரத்துக்கு "ஹையா!" என்று பிள்ளையின் குரலிலேயே பதியுங்கள். பதியவில்லை என்றால் டேப்லெட்டின் செட்டிங்ஸில் மைக் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பூனை திரும்பி வரும் இடம் திடீரென மாறினால், விளையாட்டு நின்றிருந்தபோது யாரோ அதை இழுத்து வைத்திருக்கிறார்கள். கடைசியாக வைத்த இடத்தையே ஆப் புறப்பட்ட இடமாக எடுத்துக்கொள்ளும்.

விளையாட்டு சரியாக ஓடத் தொடங்கியதும் இன்னொரு காரை 11-ஆவது வரிசையில் எதிர்த்திசையில் விடச் சொல்லுங்கள். அது மரத்தை உரசினால் என்ன ஆகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.