மூணே காய் மிச்சம்: கணினியிடம் செஸ் எண்ட்கேம் கேட்பது எப்படி

திருமங்கலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டி. என்னிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும், எதிரில் ஒன்பது வயசுப் பையனிடம் வெறும் ராஜா மட்டும். ஜெயிச்சாச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவன் "டிராதானே அங்கிள்?" என்று கை நீட்டினான். மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் பசுமலை தாண்டும் வரைக்கும் மண்டைக்குள் அதுதான் ஓடியது. ராத்திரி வீட்டில் போனில் போட்டுப் பார்த்தேன். அதை அப்படியே சொல்கிறேன், நீங்களும் கூடவே செய்து பாருங்கள்.

முதலில் ஒரு விஷயம். சாதாரண செஸ் என்ஜின், அதாவது செஸ் ஆடும் மென்பொருள், முன்னோக்கிக் கணக்குப் போட்டு மதிப்பீடு சொல்லும். நமக்கு வேண்டியது டேபிள்பேஸ். செக்மேட் நிலைகளில் தொடங்கி, இதற்கு முந்தின நகர்வு என்ன, அதற்கும் முந்தினது என்ன என்று பின்னோக்கியே போய் எல்லா நிலைக்கும் விடை எழுதிவைத்த பட்டியல் அது. கேட்டால் யோசிக்காது, எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். இன்று அதிகம் புழங்குவது ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி (Syzygy). ஐந்து காய் வரைக்கும் சுமார் 1 ஜிபி, ஏழு காய் என்றால் 16 டெராபைட்டுக்கும் மேல். பயப்பட வேண்டாம், எதையும் டவுன்லோட் செய்யப்போவதில்லை.

லிச்செஸ் (lichess.org) என்ற செஸ் தளத்தில் போர்டு எடிட்டரைத் திறந்து பலகையைக் காலி செய்யுங்கள். வெள்ளை ராஜா இ4, வெள்ளைச் சிப்பாய் இ3, கறுப்பு ராஜா இ6 (கட்டத்தின் எழுத்தும் எண்ணும் பலகை ஓரத்திலேயே இருக்கும்). ஆட வேண்டியது வெள்ளை. அப்புறம் அனாலிசிஸ் போர்டுக்குப் போய்ப் புத்தகப் படத்தை அழுத்துங்கள். ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்க்குள் இருந்தால் அங்கே டேபிள்பேஸ் வந்துவிடும்.

பார்ப்பதற்கு முன்னால் உங்கள் விடையை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு இந்தப் பயிற்சியே வீண், பார்த்ததும் "இதுதான் எனக்கும் தோணுச்சு" என்று மனசு பொய் சொல்லும்.

வெள்ளைக்கு நான்கே நகர்வு: டி4, எஃப்4, டி3, எஃப்3. சிப்பாய் நகர முடியாது, முன்னால் சொந்த ராஜாவே நிற்கிறார். நான்குமே டிரா. இப்போது அதே நிலையில் ஆட வேண்டியது கறுப்பு என்று மாற்றுங்கள். ஐந்து நகர்வு இருக்கிறது, ஐந்துமே தோல்வி! ஒரு காயும் இடம் மாறவில்லை, யார் முறை என்பது மட்டும்தான் மாறியது. இதைத்தான் ஆப்போசிஷன் என்கிறார்கள், நகர வேண்டியவனுக்குத்தான் சிக்கல்.

மறுபடி வெள்ளை முறைக்கு வந்து ராஜாவை எஃப்4-க்கு நகர்த்துங்கள். கறுப்பின் நகர்வுகளில் டிரா என்று வருவது ஒன்றே ஒன்று, எஃப்6. அந்தப் பையன் யோசிக்காமல் வைத்ததும் அதைத்தான்.

கடைசியாகச் சிப்பாயை இ2-க்கு இறக்கிவிட்டு, வெள்ளை முறையாகவே வையுங்கள். இப்போது வெற்றி, ஏனென்றால் இ3 என்று தள்ளிவிட்டு முறையைக் கறுப்பின் தலையில் கட்டிவிடலாம். நான் அன்றைக்கு அந்த இ3-ஐ ராஜா மேலே ஏறும் முன்னாடியே அவசரப்பட்டுத் தள்ளித் தொலைத்திருந்தேன்.

பட்டியலில் நகர்வுக்குப் பக்கத்தில் டிடிஎம் (DTM) என்று எண் வந்தால், செக்மேட்டுக்கு இன்னும் எத்தனை நகர்வு. டிடிஜெட் (DTZ) என்றால், அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ எத்தனை. வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்வு போனால் டிரா கேட்கலாம் என்ற 50 நகர்வு விதி இருப்பதால் இரண்டாவதுதான் முக்கியம். இரண்டு மந்திரிக்கு (பிஷப்) எதிராக ஒரு குதிரை என்ற ஆட்டத்தை நூறு வருஷத்துக்கும் மேலாக டிரா என்றே நம்பினார்கள். யுனிக்ஸ் இயங்குதளப் புகழ் கென் தாம்சன் 1980-களில் கணினியில் போட்டுப் பார்த்தபோது மந்திரிகள்தான் ஜெயிக்கும் என்று வந்தது, ஆனால் சில நிலைகளில் 66 நகர்வு வரை ஆகும். போட்டியில் அந்த வெற்றி செல்லாது, லிச்செஸும் அதைத் தனியாகப் பிரித்தே காட்டும்.

இது பழகியதும் சிப்பாயை ஏ வரிசைக்கு மாற்றி, கறுப்பு ராஜாவை ஏ8 மூலையில் உட்காரவையுங்கள். வெள்ளை ராஜாவை எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள், டிராதான் வரும். ஏன் என்று கமெண்டில் சொல்லுங்கள்.