சிவப்பு ரோஜா ஏன் வெளுத்த ரோஸ் ஆனது? மாடித்தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீரை அளவாக ஊற்றுங்கள், வெயில் படும் இடத்தில் வையுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. முதல் செடி செத்ததும் அதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். தை பிறந்ததும் நர்சரியிலிருந்து ரோஜாத் தொட்டிகளை வண்டியில் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். அடுத்த வருஷம் இதே ஆட்கள் என்ன கேட்டுக்கொண்டு வருவார்கள் என்பது இப்போதே தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை வளர்ப்பது

"அண்ணே, வாங்கும்போது கருஞ்சிவப்பு. இப்போ கொத்துக் கொத்தா வெளுத்த ரோஸ் கலர்ல பூக்குது. நர்சரிக்காரர் ஏமாத்திட்டாரா, இல்ல மண்ணு சரியில்லையா?" என்று பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் கேட்டார்.

நர்சரிக்காரர் மேலும் தப்பில்லை, மண் மேலும் தப்பில்லை. தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், மண்ணுக்குள்ளிருந்து விரல் மொத்தத்தில் இரண்டு கிளைகள் கிளம்பி மார்பு உயரத்துக்குப் போயிருந்தன. நடுவில் காய்ந்து கறுத்த ஒரு குச்சி. அதுதான் அவர் காசு கொடுத்து வாங்கிய சிவப்பு ரோஜா.

பெரிய பூ விடும் ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச் செடிகள். எட்வர்ட் ரோஜா போன்ற முரட்டு வகையின் தண்டில் ஆங்கில டி எழுத்து மாதிரி பட்டையைக் கீறி, வேண்டிய ரகத்தின் ஒரு கண்ணை, அதாவது துளிர்விடும் முளையை, சீவி உள்ளே செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கட்டிவிடுவார்கள். கண் துளிர்த்துப் பிடித்ததும், அதற்கு மேலே இருக்கும் பழைய தண்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். ஆக, ஒட்டுக்கு மேலே ஒரு ரகம், கீழே வேறொரு ரகம். கீழே இருப்பதற்குத் துளிர்விடும் ஆசை மட்டும் சாகும்வரை போகாது. வேரும் அதனுடையது. ஒரு துளிரை விட்டுவைத்தால் போதும், சத்தையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். மேலே இருக்கும் ரோஜா மெலிந்து மெலிந்து காய்ந்துவிடும்.

எனக்கு இன்றுவரை ஆற்றாமையாக இருப்பது இதுதான்: அந்தத் துளிரைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். "என்ன வேகமா வளருது பாருங்க" என்று அதற்குக் குச்சி நட்டுக் கட்டுகிறார்கள், மண்புழு உரம் போடுகிறார்கள். ஒரு வருஷ உரம், தண்ணீர், உழைப்பு எல்லாம் வேண்டாத செடிக்குப் போகிறது.

ஒரு காம்பில் ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜா, ஐந்து இருந்தால் நல்ல ரோஜா என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு வரும். கிளையைப் பிடித்து விரலைக் கீழ்நோக்கி ஓட்டிப் பாருங்கள். தண்டின் அடியில் முடிச்சு போலப் புடைத்திருக்கும் இடம்தான் ஒட்டு. அதற்கு மேலே கிளம்பினால் விட்டுவிடுங்கள். கீழே கிளம்பினால் எடுத்துவிட வேண்டும்.

எடுப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. மண் மட்டத்தோடு கத்தரியால் நறுக்கினால், அடியில் மிச்சமிருக்கும் கண்களிலிருந்து இரண்டு மூன்றாகத் திரும்பி வரும். மண்ணைக் கிளறி, துளிர் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே பிடித்து, கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிய்த்தெடுங்கள். விரல் நீளத்தில் இருக்கும்போதே பார்த்துவிட்டால் கையோடு வந்துவிடும்.

தொட்டி மாற்றும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலமாவது தெரிய வேண்டும். வருஷா வருஷம் மேலே உரம் கொட்டிக் கொட்டி ஒட்டை மூடிவிட்டால், அப்புறம் எது எந்தக் கிளை என்று உங்களுக்கே தெரியாது. பழைய நாடா இறுகித் தண்டை வெட்டிக்கொண்டிருந்தால் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள்.

ஒட்டுக்குக் கீழே கவாத்து செய்வது

கவாத்து என்று ஒட்டுக்குக் கீழே வெட்டிவிட்டால் நீங்கள் வாங்கிய ரகமே போய்விடும். இதற்கு மருந்தே கிடையாது.

முழு முட்டை ஓடு

உரம் என்று நொறுக்காமல் போட்டால் அடுத்த தீபாவளிக்கும் அப்படியே கிடக்கும்.

பால், சர்க்கரை கலந்த டீத்தூள்

எறும்பு வரும். எறும்பு இருக்கும் இடத்தில் மாவுப்பூச்சிக்குக் கொண்டாட்டம். பக்கத்தில் செம்பருத்தி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மல்லிகையை வெட்டப் பயப்படுவது

"இலை தழைதழைன்னு இருக்கு, பூவைத்தான் காணோம்" என்பவர்களிடம் கடைசியாக எப்போது வெட்டினீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் வெட்டியே இருக்கமாட்டார்கள். மல்லிகை புதுத் தளிரில்தான் பூக்கும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், சில நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிட்டு உரம் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் மார்ச்சில் மொட்டு வரும். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். இலை மட்டும் தழைக்கும் செடிக்கு மேலும் யூரியா வேண்டாம்.

மொட்டு கத்தரிப்பூ நிறத்துக்கு மாறினால் உரக் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே பச்சையாகப் புழு இருக்கும். அந்த மாதிரி மொட்டுகளைப் பறித்து, செடியடியில் போடாமல் அழித்துவிடுங்கள்.

உச்சி வெயிலில் வேப்பெண்ணெய்

இலை கருகும். சாயங்காலம் அடியுங்கள், லிட்டருக்கு 5 மில்லி போதும், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துக்கொள்ளுங்கள்.