அமெரிக்க அதிபர் விவாதம்: எந்தப் பேச்சு யாருக்கு?

மேடையில் இரண்டு வேட்பாளர்கள் மோதிக்கொள்கிறார்கள். எதிராளியின் மனத்தை மாற்றும் எண்ணம் இருவருக்கும் கிடையாது. பேச்செல்லாம் டிவி பார்க்கிறவர்களுக்குத்தான். அவர்களில் சிலர் பரம்பரைக் கட்சிக்காரர்கள். சிலர் இன்னும் முடிவெடுக்காதவர்கள். எந்த வாக்கியம் யாருக்கு என்று பிரித்தறியப் பழகுவோம்.

ஒரு தாளும் பழைய விவாத வீடியோவும் போதும். நேரலை வேண்டாம், நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடியாது. தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ‘கட்சிக்காரர்’, வலப்பக்கம் ‘முடிவெடுக்காதவர்’ என்று எழுதுங்கள்.

படி 1: ஒலியை நிறுத்திவிட்டுக் கண்களைப் பாருங்கள்

வேட்பாளர் கேமராவை நேராகப் பார்த்தால், பெரும்பாலும் அந்தப் பேச்சு வலப்பக்கத்துக்கு உரியது. 2020 அக்டோபர் 22, நாஷ்வில். டிரம்ப், பைடன் இருவரின் குடும்பத் தொழில்களைப் பற்றிக் காரசாரமான சண்டை. ஜோ பைடன் சட்டென்று கேமரா பக்கம் திரும்பினார். பிரச்சினை எங்கள் குடும்பங்கள் அல்ல, உங்கள் குடும்பம் என்றார். தேய்ந்துபோன டயரை மாற்றப் பணமில்லாமல் இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம் என்று சமையலறை மேசையில் பேசிக்கொள்ளும் வீட்டைச் சொன்னார். டிரம்ப் விடவில்லை. இது வழக்கமான அரசியல்வாதியின் பேச்சு என்று கேலி செய்தார். வித்தையை மேடையிலேயே அம்பலப்படுத்தினார். அந்தக் கேலியும் அரசியல்வாதிகள்மேல் சலிப்புற்றவர்களுக்கு வீசிய தூண்டில்தான்.

படி 2: கைதட்டப்போவது யார் என்று கேளுங்கள்

2016 லாஸ் வேகஸ் விவாதத்தில், கருக்கலைப்பை எதிர்க்கும் நீதிபதிகளையே நியமிப்பேன் என்றார் டிரம்ப். கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் அவரது குடியரசுக் கட்சியில்தான் அதிகம். இடப்பக்கம், யோசிக்கவே வேண்டாம். 2024 செப்டம்பரில் கமலா ஹாரிஸ், தானும் துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கும் அவரது ஜனநாயகக் கட்சிக்காரர் இதற்கா துள்ளிக் குதிப்பார்? வலப்பக்கம் எழுதுங்கள்.

இடப்பக்கப் பேச்சை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் வாக்களிப்பது கட்டாயமல்ல; சொந்தக் கட்சிக்காரர் சோம்பி வீட்டில் இருந்துவிட்டாலும் தோல்விதான்.

படி 3: மாநிலப் பெயர் வந்தால் வட்டமிடுங்கள்

அதிபரைத் தீர்மானிப்பவை மாநிலவாரியாகப் பிரித்த தேர்வாளர் வாக்குகள், மொத்தம் 538. வெல்ல 270 வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் முந்துகிறவருக்கே அந்த மாநிலத்தின் வாக்குகள் அத்தனையும். ஆகவே யார் பக்கமும் சாயக்கூடிய இழுபறி மாநிலங்களுக்கே மரியாதை. அதே நாஷ்வில் விவாதத்தில், எண்ணெய்த் தொழிலிலிருந்து படிப்படியாக விலகுவோம் என்று பைடன் சொன்ன மறுகணம், எண்ணெய், எரிவாயு எடுக்கும் டெக்சாஸ், பென்சில்வேனியா என்று பெயர் சொல்லி, இதை நினைவில் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டார் டிரம்ப். 2024இல் உக்ரைன் பேச்சு வந்தபோது ஹாரிஸ், உக்ரைனின் அண்டை நாடான போலந்தின் வம்சாவளியினர் பென்சில்வேனியாவில் 8,00,000 பேர் இருப்பதை இழுத்தார். வெளியுறவுக் கொள்கைதான், ஆனால் உறைமேல் உள்ளூர் முகவரி!

படி 4: கோட்டின்மேல் விழும் வாக்கியம்

இருபக்கத்துக்கும் பொருந்தும் இது அரிது. 1980இல் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு ரொனால்ட் ரீகன் கேட்டார்: நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா? கட்சிக்காரருக்கு அது அன்றைய அதிபர் கார்ட்டர்மேல் குற்றச்சாட்டு. முடிவெடுக்காதவருக்கோ தன் பணப்பையைத் திறந்து பார்க்கச் சொல்லும் கேள்வி. என்னைக் கேட்டால், விவாத வரலாற்றில் இதற்கு ஈடு கிடையாது.

முதல் பயிற்சிக்கு 1992 அக்டோபர் 15, ரிச்மண்ட் விவாதத்தை எடுங்கள். கேள்வி கேட்டவர்கள் முடிவெடுக்காத வாக்காளர்கள். தேசியக் கடன் உங்களைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பாதித்தது என்று ஒரு பெண் கேட்கும் இடத்தில் ஒலியை நிறுத்துங்கள். அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் கைக்கடிகாரத்தையும் அவரை எதிர்த்து நின்ற பில் கிளின்டனின் கால்களையும் மட்டும் பாருங்கள்.