பெயரை மட்டும் நம்பி இணைத்தால் வரும் வினை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தைப் பற்றிய டிஜிட்டல் பொருள்கள் இன்று குறைவாக இல்லை. ஸ்கேன் செய்த நூல்கள் ஒரு தளத்தில், கூத்து ஒளிப்பதிவுகள் யூடியூப்பில், கோயில், பள்ளிவாசல் படங்கள் முகநூலில், வாசிகசாலைப் பட்டியல் யாரோ ஒருவரின் எக்செல் கோப்பில் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரு பெயரைத் தேடினால் இவையெல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்பதற்குத்தான் தகவலை இணைத்து எழுதும் முறையான ஆர்டிஎஃப் (RDF), விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கித்தரவு போன்ற சொற்பொருள் தொழில்நுட்பங்கள். 'இவர், பிறந்த இடம், இந்த ஊர்' என்று தகவலை மூன்று துண்டாகப் பிரித்து, ஆளுக்கும் ஊருக்கும் உறவுக்கும் நிலையான அடையாளம் கொடுப்பதே இதன் அடிப்படை.

பலர் சறுக்குவது பெயரில். காரைதீவையே எடுங்கள். விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்தது இன்றைய அம்பாறை மாவட்டக் காரைதீவில். யாழ்ப்பாணத்துக் காரைநகரின் பழைய பெயரும் காரைதீவு. புத்தளத்திலும் ஒரு காரைதீவு உண்டு. பெயர் ஒத்துப்போகிறதே என்று இணைத்துவிட்டால் அடிகளார் வடக்கில் பிறந்தவராகிவிடுவார். அந்தப் பிழையை அடுத்த தளமும் அப்படியே எடுத்துக்கொள்ளும். மறுபக்கம், மயில்வாகனன், பிரபோத சைதன்யர், விபுலானந்தர் மூன்றும் ஒருவரே. பெயரைப் பார்த்தால் மூன்று பேர். அடையாள அட்டை இலக்கம் போல ஆளுக்கும் ஊருக்கும் தனித்தனி எண் வேண்டும். 2012இல் தொடங்கிய விக்கித்தரவில் க்யூ என்று ஆரம்பிக்கும் எண்கள் இதற்காகவே இருக்கின்றன. தமிழ், சிங்கள, ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் மொழிக்குறியோடு அந்த ஒரே எண்ணின் கீழ் நிற்கட்டும்.

அதோடு ஆண்டையும் பாருங்கள். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. அதற்கு முந்திய ஆவணம் காரைதீவை மட்டக்களப்பு மாவட்டத்தில் வைத்தால் அது பிழையல்ல, திருத்த வேண்டாம். எந்த ஆண்டு வரை எந்த மாவட்டம் என்று இரண்டையும் பதிந்தால் போதும்.

எழுத்துச் சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. கொக்கட்டிச்சோலை என்ற பெயரில் உள்ள 'கொ'வை யூனிகோடில் ஒற்றை உயிர்க்குறியாலும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் கணினிக்கு வெவ்வேறு சொல். இணைப்பதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி (NFC) என்ற, இத்தகைய குறிகளை ஒரே மாதிரியாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளையோ முதலில் யூனிகோடுக்கு மாற்றினால்தான் தேடலில் அகப்படும்.

அப்புறம், 'இரண்டும் ஒன்றே' என்று சொல்லும் சேம்ஆஸ் (sameAs) இணைப்பு. இதை நான் மிகவும் அஞ்சுகிறேன். ஒன்றுக்குப் பொருந்துவதெல்லாம் மற்றதற்கும் பொருந்தும் என்பதே அதன் பொருள். மட்டக்களப்பு நகரத்தையும் மாவட்டத்தையும் இதனால் இணைத்தால் மாவட்டச் சனத்தொகை முழுவதும் நகரத்தின் தலையில் ஏறும். 1947இல் வெளிவந்த விபுலானந்தரின் யாழ் நூலையும் அதன் ஸ்கேன் பிரதியையும் இப்படி இணைத்தால், கோப்பு பதிவேறிய ஆண்டு நூல் வெளிவந்த ஆண்டாகிவிடும். கிட்டத்தட்ட ஒன்று என்றால் சொற்களஞ்சியங்களை இணைக்கும் ஸ்கோஸ் (SKOS) முறையில் அதற்கென்றே குளோஸ்மேட்ச் (closeMatch) என்ற உறவு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் சொந்தமாகச் சொற்களஞ்சியம் கட்ட உட்காருவதும் வீண்வேலை. தலைப்பு, ஆக்கியோன், திகதி போன்றவற்றுக்கு ஆவணங்களை விவரிக்கும் பொதுத் தரமான டப்ளின் கோரின் 15 புலங்கள் போதும். ஆனால் கூத்துக்கு வந்தால் அது போதாது. கூத்தின் ஆசானான அண்ணாவியாரை 'இயக்குநர்' என்ற பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஆட்டம் பழக்குவது, பாடுவது, மத்தளம் அடிப்பது என்று அவர் செய்வதில் பெரும்பகுதி அதோடு காணாமல் போகிறது. அண்ணாவியார், வடமோடி, தென்மோடி என்ற கூத்து வகைகள், ஆடுகளமான களரி ஆகியவற்றுக்கு நாமே சொல் உருவாக்க வேண்டும். பிறகு அவற்றைப் பொதுவான சொற்களின் கீழ்க் கிளைகளாக இணைத்தால், வெளியூர்த் தேடலிலும் கூத்து வரும், நம் விவரமும் கெடாது.

கோப்பின் பெயரையோ தளத்தின் தற்காலிக முகவரியையோ அடையாளமாக வைக்காதீர்கள். தளத்தின் மென்பொருள் மாறினால் இணைப்பெல்லாம் அறும். ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் நூலகம் தளம் தன் ஆவணங்களுக்கு நூலக எண் கொடுத்திருக்கிறது. அங்குள்ள நூலைச் சேர்க்கும்போது புதிதாக எண் போடாமல் அதையே பயன்படுத்துங்கள். அப்படி எண் இல்லாத ஒலிநாடாவுக்கும் படத்துக்கும் மட்டும் நீங்கள் ஒன்று கொடுத்து, அந்தப் பட்டியலை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள்.