கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் கயால் கேட்பது எப்படி?

ஆதி தாளம் போடத் தெரியும். கல்யாணியையும் மோகனத்தையும் கேட்டவுடன் சொல்லிவிடுவீர்கள். ஆனால் இந்துஸ்தானிக் கச்சேரி ஒன்றைப் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே கவனம் கலைந்துவிடுகிறது. பாடகர் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வருகிறார், தாளம் எங்கே போகிறது என்று பிடிபடவில்லை, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தால் கச்சேரியே முடிந்துவிடுகிறது. வெகுநாள் என் நிலையும் இதுதான். அதிலிருந்து வெளியே வர எனக்கு உதவிய வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இந்துஸ்தானியில் பரவலாகப் பாடப்படும் பாட்டு வகையான கயால் மட்டும்தான் இதில் வரும். துருபத், தும்ரி போன்ற மற்ற வகைகள் எல்லாம் அப்புறம்.

படி 1: போனின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள்

தபலாவில் இரண்டு வாத்தியங்கள். வலது கையில் வாசிப்பது சின்னது, இடது கையில் வாசிப்பது பெரியது, அதற்கு 'பாயா' என்று பெயர். பாயாவின் கனத்த ஓசை எங்கே வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்பதை வைத்துத்தான் தாளத்தில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் போகிறோம். போனின் சின்ன ஒலிபெருக்கியில் அந்தக் கீழ் ஓசை ஏறக்குறைய வரவே வராது. விலை குறைந்த ஹெட்போன் போதும், ஆனால் ஹெட்போன் வேண்டும்.

தபலா டேகா வாசிக்கும் செயலி ஒன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். டேகா என்பது அந்தந்தத் தாளத்துக்கென்று வகுத்த சொற்கட்டு. தீன்தால், ஏக்தால் என்ற இரண்டு தாளங்களும் இருந்து, வேகத்தை நன்றாகக் குறைக்க முடிந்தால் எந்தச் செயலியும் சரிதான். யூடியூபில் கச்சேரியின் வேகத்தைக் குறைத்துக் கேட்கச் சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழையும் இழைப்பு சிதைந்துபோகிறது, கேட்க வந்ததே அதைத்தானே.

படி 2: தெரிந்த ராகத்தின் வழியாக உள்ளே போங்கள்

மோகனம் தெரிந்தால் பூபாலி. கல்யாணி தெரிந்தால் யமன். இந்தோளம் தெரிந்தால் மால்கௌன்ஸ். சுத்த சாவேரி தெரிந்தால் துர்கா. இந்த நான்கே ஆரம்பத்துக்கு ஏராளம். ஸ்வரங்கள் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம் என்பதால் காது ராகத்தைத் தேடி அலையாமல் தாளத்தைக் கவனிக்கும்.

பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அங்கே தோடி என்றால் நம் சுபபந்துவராளிக்குப் பக்கத்தில் நிற்கும் ராகம். நம் தோடியின் ஸ்வரங்களைத் தேடினால் அவர்களுடைய பைரவியில் கிடைக்கும். ஹிந்தோல் என்ற பெயரில் வருவது நம் இந்தோளம் அல்ல.

ஹம்சத்வனியை இதில் தனியாகச் சொல்ல வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கிய ராகம் அது. பேண்டிபஜார் கரானாவின் (கரானா என்றால் குரு வழிப் பாணி) அமான் அலி கான் அதை வடக்கே எடுத்துப்போய் வேரூன்ற வைத்தார். ஆபோகி, சாருகேசி, கீரவாணி எல்லாமும் இங்கிருந்து போனவைதான். அவர்கள் பாடும் ஹம்சத்வனியை ஒருமுறை கேளுங்கள். நம் வீட்டுப் பிள்ளை வேறு ஊரில் வளர்ந்து வந்து நிற்பது போல இருக்கும்.

படி 3: பதிவின் கடைசிப் பகுதியை முதலில் கேளுங்கள்

வழக்கமான கயால் கச்சேரியில் ஒரு ராகத்துக்கு இரண்டு பாட்டு. முதலில் மெதுவாகப் படா கயால், பிறகு வேகமாகச் சோட்டா கயால். எல்லோரும் முதலிலிருந்துதான் கேட்கிறார்கள், பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் நேராகச் சோட்டா கயாலுக்குப் போய்விடுங்கள்.

பெரும்பாலும் தீன்தாலில் இருக்கும். 16 மாத்திரை, நான்கு நான்காக நான்கு பகுதி. 1, 5, 13 ஆகிய இடங்களில் தட்டு. 9இல் கையை வீச வேண்டும், அதுதான் காலி. முதல் மாத்திரைக்குச் 'சம்' என்று பெயர். இப்போது பாயாவைக் கவனியுங்கள். 10இலிருந்து 13 வரை அதன் கனத்த ஓசை இருக்காது, வலது கையின் மெல்லிய ஓசை மட்டும் கேட்கும். 14இல் கனம் திரும்பி வரும். கனம் திரும்பிவிட்டது என்றால் சம்முக்கு மூன்று மாத்திரைதான் பாக்கி. செயலியில் இதை மட்டும் போட்டுவிட்டு, வேறு வேலை எதுவும் செய்யாமல் கொஞ்ச நேரம் கேளுங்கள்.

அப்புறம் பாட்டு. அதன் முதல் வரியின் தொடக்கத் துண்டுதான் 'முக்டா'. கயாலில் பாடும் பாட்டுக்குப் பந்திஷ் என்று பெயர். பல பந்திஷ்களில் அது 9ஆம் மாத்திரையில் கிளம்பி, சம்மில் ஒரு குறிப்பிட்ட அசையில் வந்து விழும். பாடகர் எங்கே போனாலும் இந்த முக்டாவைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பி வருவார். அந்த அசை எது என்று கண்டுபிடித்துவிட்டால் இந்தப் படி முடிந்தது.

படி 4: விளம்பித ஏக்தால்

இதுதான் என்னை நீண்ட காலம் நிறுத்தி வைத்த இடம். அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

நம் மிருதங்கம் பாட்டோடு போகிறது. கீர்த்தனையின் சங்கதிக்கு ஏற்ப வாசிப்பு மாறும். தாளக் கணக்கு பாடகரின் கையிலும் நம் தொடையிலும் இருக்கிறது. அதனால் பாட்டைக் கேட்டே தாளத்தைப் பிடிக்கும் பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. படா கயாலில் அந்தப் பழக்கம் வேலைக்கு ஆகாது. அங்கே குரல் தாளத்தின் மேல் மிதந்து போகிறது, மாத்திரைக்கு மாத்திரை அழுத்துவதில்லை. தாளத்தைச் சுமப்பது தபலாவின் டேகாதான். ஆகவே காதைக் குரலிலிருந்து எடுத்துத் தபலாவில் வைக்க வேண்டும்.

ஏக்தாலுக்கு 12 மாத்திரை. சொற்கட்டு இது:

தின், தின், தாகே, திரகிட, தூ, நா, கத், தா, தாகே, திரகிட, தின், நா.

விளம்பிதத்தில், அதாவது மிக மெதுவான காலத்தில், ஒரு மாத்திரையே சில நொடிகள் நீளும். ஓர் ஆவர்த்தனம் முடிய முக்கால் நிமிடம் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். அத்தனை நேரம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் இசையைக் கேட்க முடியாது. எண்ண வேண்டாம். 'திரகிட' என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற சொற்கள் ஒவ்வொன்றாக நிதானமாக விழும்போது இது மட்டும் நான்கு எழுத்தாகப் படபடவென்று வரும். கவனம் சிதறியிருந்தாலும் காதில் தட்டும்.

ஓர் ஆவர்த்தனத்தில் திரகிட இரண்டு முறை வரும், 4இலும் 10இலும். எது முதலாவது, எது இரண்டாவது? அதற்கடுத்து வருவதைக் கேளுங்கள். 'தூ நா' வந்து, பிறகு 'கத்' என்று இடது உள்ளங்கையைத் தோலில் அப்படியே அறைந்து மூடும் மொட்டை ஓசை விழுந்தால் நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள், அரை ஆவர்த்தனம் பாக்கி. 'தின் நா' வந்தால் அடுத்ததே சம். பாடகர் அந்தக் கடைசி ஒன்றிரண்டு மாத்திரைகளில்தான் பெரும்பாலும் முக்டாவை எடுப்பார். இரண்டாவது திரகிட கேட்டதும் காதைக் குரலுக்குத் திருப்புங்கள். அலைந்துகொண்டிருந்த குரல் அந்தச் சின்னச் சொற்றொடரைத் தொட்டு, தபலாவின் 'தின்'னோடு ஒரே கணத்தில் போய்ச் சேரும். சபையில் எல்லோரும் தலையசைப்பது அந்த இடத்தில்தான்.

ஒரு பதிவில் இது பிடிபடவில்லை என்றால் வேறு பதிவுக்குத் தாவாதீர்கள். அதே பதிவையே திரும்பக் கேளுங்கள். முக்டா மனப்பாடமாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 5: ஆலாபனை எங்கே போயிற்று?

நாம் ராக ஆலாபனையைத் தாளமில்லாமல் முடித்துவிட்டுக் கீர்த்தனைக்குப் போகிறோம். கயாலில் ஆரம்ப ஆலாபனை பெரும்பாலும் சுருக்கம். விரிவான ஆலாபனை பாட்டுக்கு உள்ளேயே, தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருப்பவர்கள் காத்திருப்பது இது தெரியாமல்தான். பாட்டு ஆரம்பித்துவிட்டது, அதற்குள் ராகத்தை விரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பந்திஷ் மிகச் சிறியது. ஸ்தாயி, அந்தரா என்று இரண்டு பகுதி, மொத்தமே சில வரிகள். கீர்த்தனையில் இருக்கும் கட்டுமானத்தை அதில் தேட வேண்டாம். பொருள் தெரிந்துகொண்டுதான் கேட்பேன் என்று அகராதியோடு உட்காரவும் வேண்டாம். ஒரே வரியில் நிரவல் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் நம் காதுக்குச் சட்டென்று புரியும்.

விரிவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கீழ் ஸட்ஜமத்தைச் சுற்றித் தொடங்கி, ஒவ்வொரு ஸ்வரமாக மேலே போவார்கள். யமனில் காந்தாரத்துக்கு வர எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். மேல் ஸட்ஜமத்தைத் தொட்டு நிற்கும்போது அந்தரா வரும். அதற்குப் பிறகு வேகம் கூடும், சொல்லை வைத்து விளையாட்டு, ஸ்வரப் பெயர்களைப் பாடும் ஸர்கம், கடைசியாக அகாரத்தில் பொழியும் 'தான்' என்ற வேகமான ஸ்வர வரிசைகள். பிருகா பிடிக்கும் என்றால் இந்தக் கட்டம் உங்களுக்கு உடனே பிடிக்கும். ஜி.என். பாலசுப்பிரமணியம் கயால் பாடகர் படே குலாம் அலி கானின் பாட்டில் மனம் பறிகொடுத்தவர் என்பதில் ஆச்சரியமே இல்லை.

படி 6: அசையாத ஸ்வரம்

"ஸ்வரத்தை நட்ட குச்சி மாதிரி நிறுத்துகிறார்களே, கமகமே இல்லையே" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. கமகம் இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. நாம் ஸ்வரத்தையே அசைக்கிறோம். அவர்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியை இழைக்கிறார்கள், அதுதான் 'மீண்ட்'. பூபாலியின் காந்தாரம் நின்ற பிறகு அங்கிருந்து எப்படி இறங்குகிறார்கள் என்று பாருங்கள். இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் தர்பாரி கேளுங்கள். அதில் காந்தாரம் மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும், கானடா கேட்ட காது அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

இதனால்தான் ஆர்மோனியத்தைவிட, வில்லால் வாசிக்கும் சாரங்கி பக்கவாத்தியமாக உள்ள பதிவுகளை நான் தேடிப் பிடிப்பேன். ஆர்மோனியக் கட்டையால் இழைய முடியாது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது, முப்பது ஆண்டுகள் அது விலகவில்லை. தடை எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சாரங்கி குரலோடு ஒட்டிக்கொண்டு வரும்போது மீண்ட் இரட்டிப்பாகத் தெரியும், புதிதாகக் கேட்பவருக்கு அது பெரிய உதவி.

படி 7: யாரிடமிருந்து தொடங்குவது?

பீம்சேன் ஜோஷி. யோசிக்கவே வேண்டாம். கர்நாடகத்தின் கதக் ஊர்ப் பக்கத்துக்காரர், கிரானா கரானா. சம்மில் வந்து விழுவது அவரிடம் அவ்வளவு தெளிவாகக் கேட்கும். அடுத்து அவருடைய குரு பரம்பரையின் மூலவரான அப்துல் கரீம் கான். அவர் பாடியது பெரும்பாலும் மூன்று நிமிட இசைத்தட்டுக் காலம். தெற்கே அடிக்கடி வந்தவர், கரஹரப்ரியாவில் தியாகராஜர் கீர்த்தனை ஒன்றைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார். 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில்தான் அவர் உயிர் பிரிந்தது. இந்த ஊர்க் காதுக்கு அவர் அந்நியரே அல்ல.

அமீர் கானை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய 14 மாத்திரை ஜூம்ரா தாளம் இன்னும் மெதுவானது. மல்லிகார்ஜுன் மன்சூர், கிஷோரி அமோன்கர் இருவரையும் யமனும் பூபாலியும் பழகிய பிறகு கேளுங்கள். ஜெய்ப்பூர் கரானாவில் அபூர்வ ராகங்களும் கலப்பு ராகங்களும் அதிகம். இருவர் சேர்ந்து பாடும் ஜுகல்பந்தியில் மட்டும் தொடங்க வேண்டாம். பாலமுரளிகிருஷ்ணாவும் பீம்சேன் ஜோஷியும் சேர்ந்து பாடியது அருமையானதுதான், ஆனால் இரண்டு இசை முறைகளையும் தனித்தனியாகப் பழகியவருக்கே அதன் முழு ருசி.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

*தீன்தாலுக்கு ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம் போட்டால் போதாதா?* கணக்கு சரியாக வரும், காலி தொலைந்துபோகும். 9இல் கையை வீசுவதுதான் பாயா அடங்குவதைக் காதுக்கு நினைவூட்டுகிறது. தட்டு, தட்டு, வீச்சு, தட்டு என்றே போட்டுப் பழகுங்கள்.

*மால்கௌன்ஸ் கேட்கும்போது சுருதியே மாறியது போல இருக்கிறது, ஏன்?* நல்ல காது உங்களுக்கு. மால்கௌன்ஸில் பஞ்சமம் இல்லை என்பதால் தம்பூராவில் பஞ்சமத்துக்குப் பதில் மத்யமத்தைச் சேர்க்கிறார்கள். நாம் இந்தோளம் பாடும்போதும் தம்பூராவைப் பொதுவாகப் பஞ்சமத்திலேயே விட்டுவிடுகிறோம். ராகத்தின் மத்யமம் அங்கே அவ்வளவு கனமாக இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸட்ஜமத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் குழப்பம் போய்விடும்.

*பூபாலி என்று நினைத்துக் கேட்டேன், தேஷ்கார் என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா?* ஸ்வரங்கள் ஒன்றே. பூபாலி காந்தாரத்தில் குடியிருக்கும், பெரும்பாலும் கீழ்ப் பாதியில் உலவும். தேஷ்கார் தைவதத்தில் நின்று மேல் பாதியில் பாடும். பூபாலி இரவின் தொடக்கத்துக்கு, தேஷ்கார் காலைக்கு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, பாடகர் எந்த ஸ்வரத்தில் மூச்சு விடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

*வடக்கத்தி நண்பருக்கு நம் கச்சேரியைக் கேட்கச் சொல்லித்தர வேண்டும், இதே வழி சரியா?* தலைகீழாகச் சொல்லுங்கள். அவர் மிருதங்கத்தில் டேகாவைத் தேடுவார், கிடைக்காது. பாடகரின் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டு எடுக்கும் இடம் சமத்தில் இல்லாமல் அரை இடம், முக்கால் இடம் தள்ளியும் இருக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கேதான் அவர்கள் தடுமாறுவார்கள். முதல் கீர்த்தனையாக ஹம்சத்வனியைக் கொடுங்கள்.