பஸ் ஏறிப் போனவருக்கு இன்னும் பதில் தேடும் சர்வர்: அறுந்த இணைப்பை ஈபோல் வைத்துக் கண்டுபிடிப்பது

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் உங்கள் செயலியில் தேனி பஸ் நேரத்தைத் தேடுகிறார். பதிலுக்கு முன்னால் பஸ்ஸே வந்துவிட, செயலியை மூடிவிட்டு ஏறிவிடுகிறார். சர்வரோ இன்னும் டேட்டாபேஸைக் குடைந்துகொண்டிருக்கிறது. பல இணைப்புகளை ஒரே இடத்தில் கண்காணிக்கும் லினக்ஸ் வசதியான ஈபோல் மூலம் ஆள் போனது தெரிந்தால் அந்த வேலை மிச்சம்.

படி 1: எதிர்முனை முறையாக மூடினால் ஃபின் பாக்கெட் (இனி அனுப்ப எதுவுமில்லை என்ற அறிவிப்பு) வரும், தரவைப் படிக்கும் ரிசீவ் 0 திருப்பும். -1 உடன் ஈஅகெய்ன் என்ற பிழைக்குறி வந்தால் இணைப்பு அறுந்ததாக அர்த்தமில்லை; படிக்க எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். டைமர் வைத்து ஒவ்வொரு இணைப்பையும் பீக் செய்து (தரவை எடுக்காமல் எட்டி) பார்ப்பது வீண் வேலை: 10,000 இணைப்பென்றால் சுற்றுக்கு 10,000 சிஸ்டம் கால், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அழைப்பு. போதாததற்கு, படிக்காத பைட்டுகள் முன்னால் கிடந்தால் பீக்குக்கு அவைதான் தெரியும், பின்னால் நிற்கும் ஃபின் தெரியாது.

படி 2: இணைப்பை ஈபோலில் சேர்க்கும்போதே எதிர்முனை அனுப்புவதை முடித்துவிட்டதைச் சொல்லும் ஈபோல்ஆர்டிஹப் (சுருக்கமாக ஆர்டிஹப்) கொடியையும் போடுங்கள். லினக்ஸ் 2.6.17 முதல் இருக்கிறது. படிக்காத தரவு கிடந்தாலும் ஃபின் வந்ததைக் கெர்னலே சொல்லிவிடும். ஈபோல்ஹப் (இணைப்பு முழுக்க முடிந்தது), ஈபோல்எர் (பிழை) இரண்டும் கேட்காமலே வரும். நிலை மாறும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும் லெவல் ட்ரிகரில் ஒரு வம்பு உண்டு: ஆர்டிஹப் வந்தும் கண்டுகொள்ளாமல் விட்டால் அதே நிகழ்வு திரும்பத் திரும்ப வந்து சிபியு 100% ஓடும். மாற்றம் வரும்போது மட்டும் சொல்லும் எட்ஜ் ட்ரிகருக்கு மாறுங்கள், அல்லது அந்தக் கொடியையும் படிக்கத் தரவு வந்ததைச் சொல்லும் ஈபோல்இன் கொடியையும் எடுத்துவிடுங்கள்.

படி 3: ஆர்டிஹப் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அடைத்துவிடக் கூடாது. ஷட்டவுன் மூலம் அனுப்புவதை மட்டும் முடித்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருக்கும் கிளையன்ட்டும் உண்டு. பொது வலைச் சேவைக்கு அடைப்பதே சரி என்பது எங்கள் கட்சி. வலைச் சர்வரான என்ஜின்எக்ஸின் பதிவில் காணும் 499 என்ற குறி இப்படிப் பாதியில் போனவர்கள் கணக்குதான். தேடலை நிறுத்தலாம். டிக்கெட் பணம் எடுக்கும் வேலையைப் பாதியில் வெட்டாதீர்கள்.

படி 4: டேட்டாபேஸ் வேலையையும் டைமரையும் ரத்துசெய்த பிறகே குளோஸ். அதையும் ஈபோல் ஒரே தடவையில் தந்து கையிலிருக்கும் நிகழ்வுத் தொகுப்பு முழுக்க முடிந்த பிறகு செய்யுங்கள். நடுவில் மூடினால் அந்த இணைப்பின் எண்ணே புது இணைப்புக்குப் போய், பழையவரின் நிகழ்வு புதியவர் தலையில் விழும்.

படி 5: ஆண்டிபட்டி கணவாயில் சிக்னல் போனால் ஃபின்னே வராது. கீப்அலைவ் (எதிர்முனை இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப்பார்ப்பது) போட்டாலும் இயல்பு அளவு 7200 விநாடி அமைதி, பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 சோதனை: 2 மணி 11 நிமிடம். அதற்குள் அவர் தேனியில் டீ குடித்துக்கொண்டிருப்பார். இந்த மூன்றையும் 60, 10, 3 என்று மாற்றினால் 90 விநாடி. அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராமல் நிற்கும்போது கீப்அலைவ் வேலை செய்யாது. அதற்கு, ஒப்புகைக்குக் காத்திருக்கும் உச்ச நேரமான டிசிபி யூசர் டைம்அவுட்டை 90000 மில்லிவிநாடி வையுங்கள்.

சோதிக்க, ஒரு நெட்கேட் (கட்டளை வரியிலிருந்து இணைப்பு போடும் கருவி) இணைப்பைக் கண்ட்ரோல் சி அழுத்தி நிறுத்துங்கள். உடனே ஆர்டிஹப் வர வேண்டும். இன்னொன்றின் பாக்கெட்டுகளை லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் ட்ராப் செய்தால் சுமார் 90 விநாடியில் ஈபோல்எர் வரும்.